பெயர் இருக்கிறது, ஆளைக் காணவில்லை

கடந்த யூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எனக்கு நேர்ந்த இக்கட்டை இங்கே எழுதி வைக்கிறேன். என் வயதொத்த நண்பர்கள் சிலருக்காவது அது உதவக்கூடும்.

நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த புதிதில் எனக்கு எழுத்துச் சொல்லித்தந்த ஒப்புநோக்காளர் ஒருவர் அந்த வாரம் காலமானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய பிழைகளைத் திருத்திய அந்த மனிதரின் பெயர் பத்திரிகையில் ஒருநாளும் அச்சேறியதில்லை. அவருக்கான அஞ்சலிக் கட்டுரையை மாலை 6 மணிக்குள் அனுப்பினால் ஞாயிறு பதிப்பில் இடம் உண்டு என்றார்கள். 4 மணிக்கு எழுதி முடித்தேன். அனுப்ப முற்பட்டபோது மடிக்கணினியில் வைஃபை அடையாளத்தையே காணவில்லை. இணைப்பு அறுந்திருந்தால் ஆறுதலடைந்திருப்பேன். இங்கோ, அப்படியொன்று இக்கணினியில் இருந்ததே இல்லை என்பதுபோல் அந்த இடம் வெறுமையாய்க் கிடந்தது.

மூன்று தடவை கணினியை நிறுத்தி இயக்கினேன். பயனில்லை. ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகனை வட்ஸ்அப்பில் அழைத்தேன். அங்கே அப்போது காலை ஆறரை மணி.

"பெரியப்பா, பதறாதேங்கோ. உங்கட போனிலை வைஃபை வேலை செய்யுதுதானே? அப்ப றவுட்டரிலை பிழை இல்லை. பிழை கணினிக்குள்ளைதான்."

எனக்குச் சட்டென்று மறைந்தவரின் நினைவு வந்தது. பிழை எந்தப் பக்கத்தில் என்று முதலில் பார், பிறகு எந்த வரியில், கடைசியாகத்தான் எந்த எழுத்தில் என்பார் அவர். நானோ ஒன்றையும் பாராமல் மூன்று தடவை பக்கத்தையே கிழித்துப் போட்டிருக்கிறேன்!

விமானப் பயண நிலை தவறுதலாக இயங்குகிறதா என்று பார்த்தோம். இல்லை. அடுத்து 'டிவைஸ் மனேஜர்' பகுதியைத் திறந்தோம். வலையமைப்புக் கருவிகளின் பட்டியலில் கம்பி இணைப்புக்கான கருவி மட்டுமே இருந்தது. மறைந்துள்ள கருவிகளைக் காட்டுமாறு பணித்ததும், வைஃபை அட்டையின் பெயர் மங்கலாகத் தோன்றியது. முன்பு இருந்ததைக் கணினி நினைவில் வைத்திருக்கிறது, இப்போது அதனைக் காணவில்லை என்பதே அதன் பொருளாம். பெயர் இருக்கிறது, ஆளைக் காணவில்லை. அஞ்சலிக் கட்டுரையைக் கையில் வைத்திருந்தவனுக்கு அது என்னவோ செய்தது.

"முதல்ல கட்டுரையை அனுப்புவம், பிறகு திருத்துவம்" என்றான் பெறாமகன். அவன் சொன்னபடி, கைத்தொலைபேசியை மின்னேற்றும் கம்பியால் கணினியுடன் இணைத்து, தொலைபேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி வழியாக இணையத்தைப் பகிரும் வசதியை இயக்கினேன். அன்ரொயிட் தொலைபேசி, தான் பெற்ற வைஃபை இணைப்பையே கம்பி வழியாகக் கணினிக்கும் கொடுத்தது. 5.40க்குக் கட்டுரை போய்ச் சேர்ந்தது.

இரவு ஆறுதலாகத் திருத்தினோம். விண்டோஸில் 'ஷட் டவுன்' செய்வது பெரும்பாலும் முழுமையான நிறுத்தம் அன்று. விரைவாக எழும்புவதற்காக, கணினி தன் நிலையின் ஒரு பகுதியைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. 'ஷிப்ட்' விசையை அழுத்தியபடி நிறுத்தினால்தான் முழுதாய் அணையும். அப்படி அணைத்து, மின்னேற்றியைக் கழற்றி, மின் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தேன். உள்ளே எஞ்சியிருக்கும் மின்சாரம் வடிந்து, உறைந்துபோன அட்டை விடுபடுவதற்காம். மீண்டும் இயக்கியபோது வைஃபை தன் இடத்தில் இருந்தது. மின்சாரத்தைச் சேமிக்க இக்கருவியை அணைக்கலாம் என்று கணினிக்கு வழங்கப்பட்டிருந்த அனுமதியையும் நீக்கிவிட்டோம்.

எல்லோருக்கும் இது பலிக்கும் என்பதற்கில்லை. பலிக்காவிடில், கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்து அட்டைக்குரிய இயக்கி மென்பொருளை இறக்கி நிறுவிப் பார்க்க வேண்டும். அதுவும் கைகொடுக்காவிடின் அட்டையே பழுதாகியிருக்கலாம். பெரும்பாலான கணினிகளில் அதனை மாற்ற முடியும். யூஎஸ்பி துளையில் செருகும் சிறிய வைஃபை கருவியும் கடைகளில் கிடைக்கிறது.

மறுநாள் பத்திரிகை வந்தது. அவருடைய பெயர் தலைப்பிலேயே அச்சாகியிருந்தது. மூன்றாம் பந்தியில் ஓர் எழுத்துப்பிழை. என்னுடையதுதான். அதைப் பிடிப்பதற்கு அவர் இல்லை.