மாமா காரும் எதிர்ல வர்றவன் கண்ணும்

பி.காம் படிக்கிற பையன் கார் ஹெட்லைட் பத்தி எழுதுறானேன்னு சிரிக்காதீங்க. கடைசியில இதுவும் கணக்கு விஷயம்தான்.

செமஸ்டர் லீவுல ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும். புதுக்கோட்டையில இருந்து ஆலங்குடிக்கு அப்பாவோட எக்ஸ்.எல்.ல வந்துக்கிட்டு இருந்தேன். பின்னாடி அம்மா, மடியில காய்கறிப் பை. திருவரங்குளம் தாண்டினதும் எதிர்ல வெள்ளை வெளேர்னு ஒரு வெளிச்சம். ரோட்டோர வெள்ளைக்கோடு தெரியல, மரம் தெரியல, என் வண்டி ஹேண்டில்பாரே தெரியல. வண்டி செம்மண்ணுல இறங்கிடுச்சு. எப்படியோ காலை ஊன்றி நிறுத்திட்டேன். கண்ணு தெளிஞ்சு பார்த்தா மைல்கல் ஒரு முழம் தள்ளி நிக்குது. தக்காளியெல்லாம் ரோட்டுல.

கண்டபடி திட்டலாம்னு திரும்பிப் பார்த்தேன். அம்மாவும் பார்த்தாங்க. "டேய், அது உங்க மாமா காருடா!"

மாமாவுக்குத் தேங்காய் வியாபாரம். 2018 கஜா புயல்ல சொந்தத் தோப்புல பாதி சாய்ஞ்ச பிறகு, ஊர் ஊராப் போய் காய் வாங்கி விக்கிறார். அதுக்குத்தான் இந்தப் பழைய காரை வாங்கினார். (எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, பதினஞ்சு வருஷ வண்டிக்குக் கம்பெனி என்ன பண்ணும்?) அந்தக் காலத்துல பெரிய பணக்காரங்க ஓட்டின மாடல். செனான் லைட்டு. பின்பக்கம் எவ்வளவு லோடு ஏத்தினாலும் லைட்டு தானாவே கீழ இறங்கிக்கிற வசதி உண்டு.

மறுநாள் காலையில போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நான் டிம்லதானே மாப்ள போறேன்? எனக்கு ரோடு நல்லாத்தான தெரியுது!"

"உங்களுக்குத் தெரியும் மாமா, எதிர்ல வர்றவனுக்குத்தான் தெரியல. யாரும் லைட்டை அடிச்சுக் காட்டலையா?"

"தினமும் நாலு பேராச்சும் அடிக்கிறான். முன்னாடி போலீஸ் செக்கிங்னு சொல்றான்னு நினைச்சு உடனே சீட் பெல்ட் போட்டுக்குவேன்."

இதுக்கு நான் என்னத்தைச் சொல்ல!

ஆனா மாமா சொன்னதுல ஒரு நியாயம் இருக்கு. பிரேக் போனா ஓட்டுறவருக்குத் தெரியும், ஹாரன் போனாலும் தெரியும். லைட்டு மேல தூக்கிக்கிட்டா ஓட்டுறவருக்கு இன்னும் ஜோராத்தான் இருக்கும். எங்க எகனாமிக்ஸ் பேப்பர்ல எக்ஸ்டர்னாலிட்டின்னு ஒண்ணு வரும். செலவு ஒருத்தன் பண்றது, பில்லு கட்டுறது வேற ஒருத்தன். பரீட்சைக்கு ஃபேக்டரிப் புகையைத்தான் உதாரணமா எழுதினேன். தக்காளின்னு எழுதியிருக்கலாம்.

எவ்வளவு தூக்குதுன்னு ஒரு கணக்குப் போட்டேன். தரையில இருந்து லைட்டு 65 சென்டிமீட்டர் உயரம். டிம் லைட்டோட மேல் விளிம்பு 100க்கு 1 வீதம் கீழ சாயணும், அதாவது 10 மீட்டர் தள்ளி 10 சென்டிமீட்டர் இறங்கணும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவுல 260 சென்டிமீட்டர். தேங்காய் மூட்டையால பின்பக்கம் 6 சென்டிமீட்டர் அமுங்குதுன்னு வச்சுக்குங்க. 6ஐ 260ஆல வகுத்தா 100க்கு 2.3 மேல தூக்குது. சாய்வு 1 போக மிச்சம் 1.3. 50 மீட்டர்ல 65 சென்டிமீட்டர் ஏறிடும். லைட்டு உயரத்தோட கூட்டினா 130. எக்ஸ்.எல்.ல உக்காந்திருக்கிற என் கண்ணு கிட்டத்தட்ட அந்த உயரம்தான்!

சாதா எச்4 பல்புல டிம் சுமார் 1000 லூமன். செனான்ல 3000க்கும் மேல. அதனாலதான் 2000 லூமனுக்கு மேல போற டிம் லைட்டுக்கு இந்தத் தானியங்கி வசதி கட்டாயம்னு ஐ.நா.வோட வாகன விதி 48ல வச்சாங்க. நம்ம ஊர்லயும் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 106ஆவது விதி இருக்கு. 8 மீட்டர் தள்ளி ஒன்றரை மீட்டர் உயரத்துல இருக்கிற கண்ணு கூசக் கூடாதுங்குது. ஹெட்லைட் நடுவுல போலீஸ்காரங்க கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்களே, அதுவும் இந்தக் கூச்சத்துக்குத்தான்.

மெக்கானிக் அண்ணன்கிட்ட போனோம். ஸ்கேனர் மாட்டிப் பார்த்துட்டு "எரர் ஒண்ணும் இல்லையே தம்பி, ஸ்குரூவைத் திருப்பி இறக்கி விட்டுடவா?"ன்னார். மாமா தலையாட்டிட்டார். நான் விடல. இன்னைக்கு மூட்டையோட இறக்கினா நாளைக்கு மூட்டை இல்லாதப்ப லைட்டு டயருக்கு முன்னாடியே விழும். ரெண்டு நாள் கழிச்சு மாமாவே ஏத்தி வச்சிடுவார், அவரை எனக்குத் தெரியும்.

சாயங்காலம் காரை ரைஸ் மில் சுவருக்கு எதிரே நிறுத்தினோம். சாவி திருப்பினதும் சுவர்ல வெளிச்சம் ஒரு தடவை கீழ இறங்கி மேல ஏறிச்சு. காரு தன்னைத்தானே சோதிச்சுக்குது, அப்ப லைட்டுக்குள்ள இருக்கிற மோட்டார் நல்லா இருக்கு. அடுத்து பின் சீட்டுல மூணு பசங்க, டிக்கியில ரெண்டு பேரை உக்கார வச்சேன் (ஒருத்தன் நூறு கிலோ, பேரு சொல்ல மாட்டேன்). வெளிச்சம் மேல போச்சு, திரும்பி இறங்கவே இல்ல. பின்பக்கம் அமுங்கினது லைட்டுக்குப் போய்ச் சேரலைன்னு அர்த்தம்.

பசங்களை இறக்கிட்டு, டயருக்குக் கல்லு வச்சு, மொபைல் டார்ச்சை அடிச்சு பின் சக்கரத்துக்கு உள்பக்கம் பார்த்தேன். (ஜாக்கியை மட்டும் நம்பி அடியில போயிடாதீங்க மக்களே.) தீப்பெட்டி சைஸ்ல ஒரு சென்சார், அதுல விரல் நீளத்துக்கு ஒரு கை. அந்தக் கையையும் சஸ்பென்ஷனையும் இணைக்கிற குச்சி குண்டுமூட்டுல துருப்பிடிச்சு ஒடிஞ்சு தொங்குது. அவ்வளவுதான் வியாதி!

ஸ்கேனர் ஏன் சொல்லல? சென்சாருக்கு 5 வோல்ட் போகும், கை இருக்கிற கோணத்தைப் பொறுத்து அரை வோல்ட்ல இருந்து நாலரை வோல்ட் வரை திரும்பி வரும். கை தொங்கினாலும் வோல்ட் அந்த எல்லைக்குள்ளதான் இருக்கு. வயர் அறுந்தாத்தான் எரர். கை கீழ தொங்குறதைப் பார்த்து, பின்பக்கம் ஏகத்துக்குத் தூக்கி நிக்குது, மூக்கு குத்துதுன்னு காரு நினைச்சுக்கிட்டு லைட்டை இன்னும் மேல ஏத்தியிருக்கு. மூட்டை தூக்கினது போதாதுன்னு காரும் சேர்ந்து தூக்கியிருக்கு.

சாவியை ஆன்ல வச்சு, அந்தக் கையை விரலால மெல்ல மேல தூக்கினேன். ரெண்டு மூணு செகண்ட்ல சுவர்ல வெளிச்சம் இறங்கிச்சு. விட்டேன், ஏறிச்சு. மாமா வாயைத் திறந்து பார்த்துக்கிட்டு நின்னார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த கெத்து யுனிவர்சிட்டி ரேங்க் வாங்கினாக்கூட வராது.

புதுசு வேணும்னா சென்சாரோட சேர்த்துத்தான் தருவாங்களாம், ஆறாயிரத்துச் சொச்சம். ஒடிஞ்ச ரெண்டு துண்டையும் சேர்த்து வச்சு அளந்து, அதே நீளத்துக்குத் திருச்சி பழைய பார்ட்ஸ் கடையில ஒரு குச்சி தேடிப் பிடிச்சோம், முந்நூறு ரூபா. நீளம் மாறினா கோணம் மாறிடும், அதுல மட்டும் சமாதானம் ஆகக் கூடாது. மாட்டின பிறகு மூட்டையை இறக்கி, காத்து சரியா அடிச்சு, சமதளத்துல நிறுத்தி, இதுதான் உன் நேர் நிலைன்னு ஸ்கேனர்ல காருக்குச் சொல்லிக் கொடுத்தார் மெக்கானிக் அண்ணன். கடைசியா 10 மீட்டர் தள்ளி சுவர்ல சாக்பீஸ் கோடு போட்டு, 55 சென்டிமீட்டர்ல வெளிச்சத்தோட விளிம்பை நிறுத்தினோம்.

அன்னைக்கு ராத்திரி மூட்டை ஏத்திக்கிட்டு, என்னையும் பக்கத்துல உக்கார வச்சு அதே ரோட்டுல போனார். வழி நெடுக ஒரே புலம்பல். "என்ன மாப்ள இருட்டா இருக்கு, பழையபடியே நல்லாத்தான இருந்துச்சு." திருவரங்குளம் வர்றதுக்குள்ள எதிர்ல பத்துப் பதினஞ்சு வண்டி வந்திருக்கும். ஒருத்தரும் லைட் அடிச்சுக் காட்டல.

மாமா சீட் பெல்ட் போடவே மறந்துட்டார்.