கொழுந்து ரோட்டில் சைக்கிள்

யாழ்ப்பாணத்துக்காரருக்குச் சைக்கிள் இல்லாத ஊரை நினைத்துப் பார்ப்பது கஷ்டம். மலையகத்துக்காரருக்குச் சைக்கிள் ஓடும் ஊர்தான் புதுமை. ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை வரை பஸ்ஸில் போய்ப் பாருங்கள். ஆட்டோ வரும், கொழுந்து லொறி வரும், தலையில் விறகுக்கட்டோடு பெண்கள் வருவார்கள். சைக்கிள் வருவது அபூர்வம். ஏறினால் மூச்சு முட்டுகிறது, இறங்கினால் பிரேக் பிடிப்பதில்லை. இப்படிப்பட்ட சரிவில் சைக்கிளை மட்டுமே நம்பி அடுப்பெரிக்கும் சிலர் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் நுவரெலியாவுக்குப் போனேன்.

வெளிநாட்டுப் பயணிகளை மவுண்டன் பைக்கில் தோட்ட ரோடுகளுக்குக் கூட்டிப்போகிறவர்களின் கராஜ் அது. தகரக் கூரை. பழைய மரக்கறிக் கடையாக இருந்திருக்க வேண்டும். லீக்ஸ் வாடை இன்னும் போகவில்லை. மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயதிருக்கும். லிந்துலைப் பக்கத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்து, ஆட்டோ கராஜில் தொழில் பழகி, பிறகு சைக்கிளுக்கு வந்தவர். "ஆட்டோல மூணு சில்லு, இதுல ரெண்டு. வேலை கொறையும்னு நெனச்சு வந்தேன் தம்பி," என்றார். வேலை குறையவில்லை என்பதை மேசையில் கழற்றி வைத்திருந்த பிரேக்குகளே சொல்லின.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். ஹட்டன் 1,271. இடையிலுள்ள அறுநூறு மீற்றர் இறக்கமும் பிரேக்கின் தலையில்தான் விழுகிறது. பழகாதவர்கள் மேலே தொடங்கி அடிவாரம் வரை இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவார்கள். பயத்தில் கை அப்படித்தான் செய்யும். டிஸ்க் சூடேறுகிறது, பேடின் மேற்பரப்பு பளபளத்துப் பிடிப்பை இழக்கிறது, இன்னும் சூடேறினால் குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் கொதித்து, நெம்புகோல் கைப்பிடி வரை போய் ஒட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு தேயிலைச் செடிதான் பிரேக். நேரான பகுதியில் விட்டுவிட வேண்டும், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் கொன்றுவிட்டு மறுபடி விட வேண்டும். இந்தப் பாடத்தை எடுக்காமல் எந்த வழிகாட்டியும் விருந்தாளியை மலையில் இறக்குவதில்லை.

மழைக்காலத்தில் கதை வேறு. இந்த மண்ணில் கலந்திருக்கும் வெள்ளைக்கல் துகள் சேற்றோடு சேர்ந்து பேடை அரைத்துத் தள்ளிவிடும். பிசினில் செய்த மென்மையான பேடுகள் ஒரே இறக்கத்தில் தகடு தெரியும்வரை தேய்ந்ததை எடுத்துக் காட்டினார். உலோகத்தூள் அழுத்திச் செய்தவை தாக்குப்பிடிக்கும். ஆனால் கிடைக்க வேண்டுமே! கார் பிரேக் எண்ணெய் நுவரெலியாவில் எந்தக் கடையிலும் கிடைக்கும். மினரல் ஒயில் கேட்கும் பிரேக்கில் அதை ஊற்றினால் உள்ளேயிருக்கும் இறப்பர் வளையங்கள் உப்பிப் பழுதாகிவிடும். ஆகவே பேடும் எண்ணெயும் திரும்ப வரும் விருந்தாளிகளின் பெட்டிகளில்தான் வருகின்றன. டியூப் இல்லாத டயருக்குள் ஊற்றி ஓட்டையை அடைக்கும் வெள்ளைத் திரவமும் அப்படித்தான். இறப்பர்ப் பாலை ஏற்றுமதி செய்யும் நாட்டுக்கு, இறப்பர்ப் பால் கலந்த திரவம் குப்பியில் அடைபட்டு விமானத்தில் வருகிறது. அண்ணனுக்கு இதில் சிரிப்பும் எரிச்சலும் சம அளவில் இருந்தன.

மவுண்டன் பைக் என்ற விளையாட்டே பிரேக்கை எரித்துத்தான் பிறந்தது. கலிபோர்னியாவில் ஃபேர்ஃபாக்ஸ் என்ற ஊருக்குப் பக்கத்தில், காட்டுத்தீயை அணைக்க வெட்டிய மண்ரோட்டில் 1976இல் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் பந்தயம் இறங்கத் தொடங்கினார்கள். ஒவ்வொரு இறக்கத்திலும் பின்சில்லின் பிரேக்கிலிருந்த கிரீஸ் புகைந்து தீர்ந்துவிட, திரும்பத் திரும்பக் கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. அந்தப் பந்தயத்துக்கே ரீபேக், அதாவது மறுபடி அடைத்தல், என்று பெயர் வந்தது அதனால்தான். அடுத்த ஆண்டு ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே ஒரு சட்டகத்தைச் செய்தார். 1996இல் அட்லாண்டாவில் இந்த விளையாட்டு ஒலிம்பிக் போட்டியாகிவிட்டது. வேறொரு வேலைக்காக வெட்டிய ரோடு விளையாட்டுக்குக் கைமாறிய கதை அது. நுவரெலியாவிலும் நடப்பது அதுதான். ஆனால் இங்கே ரோட்டை வெட்டியவர்களின் வழிவந்தவர்கள் இன்னும் அதே ரோட்டோரத்தில் குடியிருக்கிறார்கள்.

மறுநாள் அந்தக் கராஜின் வழிகாட்டித் தம்பி ஒருவரோடு கிரேட் வெஸ்டர்ன் மலையடிவாரத்துத் தோட்டங்களுக்குள் இறங்கினேன். முப்பதைத் தொடாத வயது. தாயார் இன்னும் பேருக்கு, அதாவது தோட்டத்து நாட்கூலி வேலைக்கு, போகிறவர். ரோடு மலையை நேராக ஏறாமல் இடுப்பைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டே போனது. கோப்பிக் காலத்தில் மாட்டு வண்டி ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவை அளந்து அளந்து வழி குறித்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்த பிறகும் ரோடு அழியவில்லை; தேயிலையும் லொறியும் அதே வழியில் வந்தன. மாடு ஏறக்கூடிய சரிவு சைக்கிள்காரருக்கும் சரியாக வருகிறது. அலவாங்கும் மம்பட்டியும் பிடித்து இந்தக் கருங்கல்லைப் பெயர்த்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து நடந்தும் கப்பலிலும் வந்தவர்கள். சுற்றுலாக் கையேடுகள் இந்த ரோட்டைப் பிரிட்டிஷ் ரோடு என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வெள்ளைக்காரர்கள் பணம் கொடுத்துத் தேடி வருவது இந்த அகல ரோட்டையல்ல, குறுக்குகளை. லயத்திலிருந்து மலைக்கும், மலையிலிருந்து ஸ்டோருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் கால்கள் போட்ட ஒற்றையடிப் பாதைகள். அவற்றை மொழி தெரிந்தவனைப் போல வாசிக்கிறார் தம்பி. கான் குறுக்கிடும் இடத்தில் முன்சில்லைச் சாய்வாகக் கொடுத்தால் வழுக்கி உள்ளே இழுத்துவிடும். நேராகப் போய்ச் சில்லைத் தூக்கிக் கடக்க வேண்டும். பாசி படிந்த கல்படியில் பிரேக்கையே தொடக் கூடாது. கவ்வாத்து வெட்டிய மலைக்குள் போகவே கூடாது: சாய்வாக வெட்டிய கொப்புகள் கத்திமுனையாக நிற்கும், டயர் தப்பாது. எந்த மலைக்கு எந்த வருடம் கவ்வாத்து என்ற கணக்கு அவர் தலைக்குள் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அது கிடைக்காது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், மலையில் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், இவருக்குத் தெரியும்.

அதைவிட முக்கியம், போகக் கூடாத நேரம். கொழுந்து நிறுக்கும் வேளையில் பெண்கள் முதுகில் நிறைந்த பாரத்தோடு அதே குறுக்குகளில் இறங்கிக்கொண்டிருப்பார்கள். "அந்த நேரத்துல நம்ம சைக்கிள் பின்னால வந்தா அவங்க ஒதுங்குவாங்க சேர். கூடையோட ஒதுங்கினா கால் கானுக்குள்ள போயிரும். அதனால நாங்கதான் இறங்கி நிக்கணும்." நிறுவை முடியும் வரை நாங்கள் ஒரு பீலிக்கரையில் நின்றோம். இந்த ஒழுக்கம் எல்லாச் சைக்கிள் குழுவுக்கும் இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். அன்றைக்கே இன்னொரு குழு மணி அடித்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனதைப் பார்த்தேன். அவர்களை வழிநடத்தியவருக்குத் தமிழ் தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் அந்தப் பெண்கள் சொன்னது காதில் விழுந்திருக்கும்.

பீலிக்கரையில் வயதான அம்மா ஒருவர் தம்பியைக் கூப்பிட்டு, "ஏழாம் நம்பர் மலைப் பக்கம் போகாதப்பா, நேத்துத்தான் கூடு கலைஞ்சிச்சு," என்றார். குளவி. மலையகத்தில் கொழுந்தெடுக்கப் போய்க் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களின் செய்தி இல்லாத மாதம் குறைவு. உயிர் போனவர்களும் உண்டு. தம்பி உடனே வழியை மாற்றினார். பயணிகளுக்குக் காரணம் சொல்லப்படுமா என்று கேட்டேன். சிறுத்தை என்றால் சந்தோஷப்படுவார்கள், குளவி என்றால் மறுநாள் வரமாட்டார்கள், அதனால் சொல்வதில்லை என்றார். சிறுத்தையும் இந்த மலைகளில் இருக்கத்தான் செய்கிறது.

தொழிலின் காலண்டரைத் தீர்மானிப்பது காற்று. மே தொடங்கி ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை இறங்கிவிடும். அப்போது மலைக்கு மறுபுறமான ஊவாவில் காய்ந்த காற்று வீசும். சைக்கிள்களை வேனில் ஏற்றிக்கொண்டு அப்புத்தளை, பண்டாரவளைக்குப் போய்விடுகிறார்கள். வருடக் கடைசியில் ஊவாவில் மழை தொடங்கும். மேற்குச் சரிவில் மழை ஓய்ந்து மண் காயக் காயத் திரும்பி வருகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. திம்புலைத் தேயிலைக்கு வாசம் கூடுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. ஊவாத் தேயிலைக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. கொழுந்தை மெதுவாக வளரவிட்டு மணத்தை ஏற்றும் அதே வறண்ட காற்றுத்தான் மண்ரோட்டையும் உலர்த்துகிறது. கொழும்பு ஏலத்தில் எந்தப் பக்கத்துத் தேயிலைக்கு நல்ல விலை போகிறதோ அந்தப் பக்கம் சைக்கிளை ஏற்றலாம்.

வருமானத்தைப் பற்றிக் கேட்டால் இருவருமே சுற்றி வளைத்துத்தான் பதில் சொன்னார்கள். 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1,350 ஆகவும் உயர்ந்த தோட்டத்து நாட்கூலியோடு ஒப்பிட்டால், சவாரி உள்ள நாளில் வழிகாட்டிக்குக் கிடைப்பது அதன் சில மடங்கு. சவாரி இல்லாத நாளில் ஒன்றுமில்லை. 2022இல் பெற்றோல் வரிசையில் நாடு நின்றபோது சைக்கிளுக்கு மவுசு ஏறியது, பயணிகள் வரவில்லை. அப்போது அண்ணன் ஊராருக்கு லுமாலா சைக்கிள் திருத்திக் கொடுத்துப் பிழைத்தார். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இந்த மாவட்டத்துச் சரிவுகளைப் பெயர்த்தெடுத்தது. அப்போது சவாரியாவது ஒன்றாவது. தம்பி கூட்டாளிகளோடு லயத்துப் பாதைகளில் விழுந்த மண்ணை அள்ளிக்கொண்டிருந்தார். அந்தப் பாதைகளில் சிலதான் இப்போது சவாரிக்கும் உதவுகின்றன. மண் அள்ளியதற்கு யாரும் பேர் போடவில்லை.

பந்தயம் ஓடிச் சம்பாதிக்க முடியாதா? ஐரோப்பாவில் சைக்கிள் கம்பனிகள் சம்பளம் கொடுத்து வீரர்களை வைத்திருக்கின்றன. அங்கேகூடப் பரிசுப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் குறைவு. நம் பக்கத்தில் நேபாளம் ஒரு வழி காட்டியது. யாக் அட்டாக் என்ற இமயமலைப் பந்தயத்தைப் பல தடவை வென்ற அஜய் பண்டித் சேத்ரி போன்றவர்களின் பெயரைப் பார்த்தும் அந்நாட்டுக்கு மலைச் சைக்கிள்காரர்கள் போகிறார்கள். பந்தயக்காரரின் பெயர் வழிகாட்டித் தொழிலுக்கு விளம்பரமாகிறது. அதே அமைப்பாளர்கள் 2014 தொடங்கிச் சில ஆண்டுகள் ரம்பிள் இன் த ஜங்கிள் என்ற பல நாள் பந்தயத்தை இலங்கையிலும் நடத்தினார்கள். அது நிலைத்திருந்தால் லயத்துப் பையன்கள் இரண்டு பேராவது பெயர் வாங்கியிருப்பார்கள் என்பது அண்ணனின் கணிப்பு. நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். நல்ல பந்தய சைக்கிள் ஒன்றின் விலை பல வருடக் கொழுந்துக் கூலி. அதை யார் வாங்கிக் கொடுப்பது? பெண் பிள்ளைகளின் பாடு இன்னும் மோசம். இறக்கத்தில் எங்களையெல்லாம் முந்திப் போகக்கூடிய ஒரு பிள்ளை கராஜுக்கு வருகிறாள், சனிக்கிழமைகளில் மட்டும், இரவல் சைக்கிளில்.

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பீகோ டிரெயில், 22 கட்டங்களாக முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் தோட்டப் பாதைகளை இணைத்திருக்கிறது. நடைக்காக வகுத்தது, சில பகுதிகளில் சைக்கிளும் போகும். அதனால் பாதைக்கு ஒரு பெயரும் அடையாளப் பலகையும் வந்திருக்கின்றன, நல்லது. ஆனால் ரோடு தோட்டக் கம்பனியின் கையில், விருந்தாளி கொழும்பு முகவரின் கையில், உரிமம் சுற்றுலா அதிகாரசபையின் கையில். பாதை தெரிந்தவன் கையில் எது இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

உரிமம்தான் தம்பிக்கு இப்போதைய தலைவலி. இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தேசிய வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, இட வழிகாட்டி, சாரதி வழிகாட்டி என்று வகை பிரித்து உரிமம் தருகிறது. மொழி கேட்பார்கள், வரலாறு கேட்பார்கள். இறக்கத்தில் பிரேக் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை என்று தம்பி சிரித்தார். உரிமம் இல்லாதவரை அவர் உதவியாளர்தான். முன்னால் ஓட்டி வழி காட்டினாலும் சம்பளச் சீட்டில் பின்னால்தான். படிப்புக்குப் போனால் சவாரிக் காலத்தின் ஒரு பகுதி கைவிட்டுப் போகும். ஊவாவுக்குப் போகும் முன் விண்ணப்பத்தை நிரப்பிவிடுவேன் என்றார். போன வருடமும் அதையேதான் சொன்னான் என்று அண்ணன் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். விண்ணப்பம் லாச்சியில் இருந்தது. பேரும் அடையாள அட்டை இலக்கமும் மட்டும் எழுதியிருந்தது.