தரலாம்! தரவேண்டும்!

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர்கட்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சொல்லுக்கு நேராக மூன்று சொற்களை எழுதிவைத்துக்கொண்டு, மூன்றும் ஒன்றே என்று மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஒன்றல்ல, நண்பர்களே! தாழ்ப்பாளும் பூட்டும் கதவை அடைக்கவே பயன்படுகின்றன. அதற்காக, நெற்களஞ்சியம் உடையவன் தாழ்ப்பாள் போதுமென்று உறங்கிவிடுவானா?

'மே' என்றொரு சொல்; 'ஷல்' என்றொரு சொல். இரண்டும் வினைக்குத் துணையாக வருவன. ஆனால், முன்னது "தரலாம்" என்கிறது. பின்னது, சட்டத்திலே வரும்போது, "தரவேண்டும்" என்கிறது. 'தரலாம்' என்பதற்குள்ளே, தராமலும் இருக்கலாம் என்பது ஒளிந்திருக்கிறது. 'தரவேண்டும்' என்பதிலே ஒளிய இடமில்லை.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனின் தந்தை, உழவுக் கூலி. கல்லூரியொன்றிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தோடு என்னிடம் வந்தார். கட்டணத்தில் பாதி தள்ளுபடி என்று ஊரிலே யாரோ படித்துச் சொல்ல, மறுபாதிக்கு மட்டும் கடன் பேசி வைத்திருந்தார். கடிதத்தில் இருந்ததோ 'மே'! "தள்ளுபடி செய்யப்படலாம் என்றிருக்கிறது" என்றேன். "லாம்னா உண்டாங்கய்யா, இல்லீங்களா?" என்று கேட்டார். இருவரும் கல்லூரிக்குச் சென்றோம். "உறுதி கூறினோமா? 'மே' என்றுதானே எழுதியிருக்கிறோம்!" என்றார் எழுத்தர். இலக்கணப்படி அவர் சொன்னது சரி. அந்தச் சரிக்கு விலையாக, முழுக் கட்டணத்துக்கும் வட்டி கட்டுபவர் அந்தப் பெரியவர்.

ஒரு குடும்பத்தின் கதைதானே என்பீர்கள். நாட்டின் கதையும் இதுதான். அரசியல் சட்டத்தின் 343-ஆம் பிரிவு, இந்தி ஆட்சிமொழி என்று கூறுமிடத்தில் 'ஷல்' என்கிறது. 15 ஆண்டுகட்குப் பிறகும் ஆங்கிலம் தொடரப் பாராளுமன்றம் சட்டமியற்றுவது பற்றிக் கூறுமிடத்திலோ, 'மே' என்கிறது. 1963-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும் ஆங்கிலத்துக்கு 'மே'யையே அளித்தது. இங்கே 'மே' என்றாலும் 'ஷல்' என்றே பொருள் என்றார் பிரதமர் நேரு. அப்படியானால் 'ஷல்' என்றே எழுதிவிடுவதில் என்ன இடர் என்று மாநிலங்களவையில் கேட்டார் அண்ணா.

வெறும் இலக்கண வாதமா அது? வாயால் கூறிய விளக்கம், கூறியவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்தது. ஏட்டில் எழுதிய சொல், எவர் ஆண்டாலும் நிற்பது. 1964-இல் நேரு மறைந்தார். 'மே' மட்டும் ஏட்டிலே இருந்தது. 1965-இல் தமிழகம் கொந்தளித்தது. 1967-இல் சட்டம் திருத்தப்பட்டது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்களின் சட்டமன்றங்கள் அனைத்தும், அவற்றின்பின் பாராளுமன்றத்தின் இரு அவைகளும், வேண்டாமென்று தீர்மானிக்கும் வரையில், ஆங்கிலம் பற்றிய விதிகள் நிலைத்திருக்கும் என்றாயிற்று. அந்த இடத்தில் அமர்ந்த சொல், 'ஷல்'!

'ஷல்' வந்துவிட்டாலே போதுமா? போதாது, பக்கத்தில் நிற்கும் சொல்லையும் பார்க்கவேண்டும். 14 வயது வரை எல்லாப் பிள்ளைகட்கும் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை 10 ஆண்டுக்குள் "தர முயலவேண்டும்" என்றது 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு. முயல்வதும் தருவதும் ஒன்றா? 1960 வந்தது, போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வந்துவிடவில்லை. 2002-இல் 86-ஆம் திருத்தம் 21அ பிரிவைச் சேர்த்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகட்கு அரசு கல்வியைத் "தரவேண்டும்" என்றது. 2010-இல் அது நடைமுறைக்கு வந்தது. 'முயல' என்ற ஒரு சொல்லைத் தாண்ட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று! அதற்குள் எத்தனை பிள்ளைகள் மாடு மேய்த்தே வளர்ந்துவிட்டனர்!

சில வழக்குகளிலே நீதிமன்றங்கள் 'மே'யை 'ஷல்' என்றே கொண்டதுண்டு. உண்மைதான். ஆனால், ஒரு சொல்லின் பொருளறிய நீதிமன்றப் படியேற எத்தனை ஏழைகளால் முடியும்?

ஆகவேதான், என் வகுப்பிலே ஒருபொருட் சொற்களின் பட்டியலை நான் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை. எந்த ஆங்கில வாக்கியம் வந்தாலும் முதலில் தமிழில் சொல்லச் சொல்கிறேன். பிறகு இரண்டு வினாக்கள்: இந்தச் சொல் யாரைக் கட்டுகிறது? யாரைத் தப்பவிடுகிறது? விடை கண்ட மாணவனிடம், தரலாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டுத் தந்துவிட்டதாக எவரும் பேசமுடியாது.