இருப்பதை இல்லை என்னும் இணைப்பி

வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து தங்கவயலில் சுரங்கத்தில் இறங்கியவர் நம் முன்னோர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டபின், விடியற்காலையில் பெங்களூர் செல்லும் இரயிலே நம் இளைஞர் பலருக்குப் பிழைப்பாயிற்று. அவர்களுள் மென்பொருள் தொழிலில் புகுந்தோரும் உளர்.

அத்தகைய தம்பி ஒருவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் வந்தார். வேலையில் சேர்ந்து மூன்று திங்களே ஆயின. வீட்டுக்கு அவர் சம்பளம் ஒன்றே வருவாய். மறுநாள் ஒப்படைக்க வேண்டிய நிரல், 'அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்' என்று முப்பது வரிகளைக் கொட்டி நின்றுவிட்டது.

"அண்ணா, நூலகம் இதோ இருக்கிறது. நான்கு முறை மீண்டும் நிறுவிவிட்டேன். இல்லை என்றே சொல்கிறது" என்றார்.

ஸ்டாட்டிக் லைப்ரரி எனும் நிலைநூலகம், தொகுக்கப்பட்ட கோப்புகளின் மூட்டையே. மூட்டை கட்டும் 'ஏஆர்' கருவி, உள்ளே குறையுண்டா என்று பார்ப்பதில்லை. ஆதலால் நூலகம் பிழையின்றி உருவாயிற்று என்பது எதற்கும் சான்றாகாது. குறை வெளிப்படுவது இறுதியில், லிங்கர் எனும் இணைப்பியின் கையில்தான்.

லினக்ஸில் வழங்கும் குனூ இணைப்பி, கட்டளை வரியை இடமிருந்து வலமாகப் படித்துச் செல்லும். ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் திரும்பி நடப்பதில்லை என்று விரதம் பூண்டவர் சீட்டோடு செல்வதை ஒக்கும் அது. அவ்வேளையில் சீட்டில் உள்ளதை மட்டுமே கடையில் வாங்கும். பருப்புக் கடையைக் கடந்தபின் சீட்டில் பருப்பு ஏறினால் கிடைக்குமா? ஆகவே அழைக்கும் கோப்பு முன்னும், அது நாடும் நூலகம் பின்னும், அந்நூலகம் நாடும் மற்றொன்று அதற்கும் பின்னும் நிற்க வேண்டும். இரண்டு நூலகங்கள் ஒன்றையொன்று நாடினால், முதலாவதை இறுதியில் மீண்டும் ஒருமுறை எழுதலாம்.

தம்பியின் நூலகம் வரியின் தொடக்கத்தில் நின்றது. கடைசிக்கு நகர்த்தியதும் முப்பது பிழைகள் இரண்டாயின. அவ்விரண்டும் வேறு நோய். 'என்எம்' எனும் கருவி, கோப்பு வேண்டும் பெயரை 'யூ' என்றும், தன்பால் உள்ள செயற்கூற்றின் பெயரை 'டி' என்றும் குறித்துக் காட்டும். ஒப்பிட்டோம், பெயர்கள் பொருந்தவில்லை. நூலகம் சி மொழியில் எழுதப்பட்டது. அழைத்ததோ சி பிளஸ் பிளஸ். அம்மொழியின் தொகுப்பி, செயற்கூற்றின் பெயரோடு அதற்குத் தரப்படும் மதிப்புகளின் வகையையும் பிணைத்துப் பெயரையே உருமாற்றிவிடும். தலைப்புக் கோப்பில் 'எக்ஸ்டர்ன் சி' என்று அறிவித்ததும் அவையும் ஒழிந்தன. நிரல் ஓடியது, தம்பி அதன்பிறகே காப்பியைத் தொட்டார்.

வெளியூர்களில் இத்தொழிலில் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து தம்பி தங்கையர் தொலைபேசியில் அழைத்தால், "மறுபடி நிறுவிப் பார்" என்று வைத்துவிடாதீர்கள். இணைப்புக் கட்டளையை முழுமையாக அனுப்பச் சொல்லுங்கள். முதற்பிழையையும் உடன் கேளுங்கள்.