ஏரிக்கரையில் ஒரு பொம்மை வண்டி

முதலாம் இராசேந்திர சோழன் தன் கங்கை வெற்றியின் நினைவாக அமைத்த சோழகங்கத்தை, நீராலான வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிக்கின்றன. இன்று அதன் பெயர் பொன்னேரி. வகுப்பறையில் பல்லாண்டுகள் இதனைச் சொல்லிவந்த நான், சென்ற கோடையில் அக்கரைச் சரிவில் அமர்ந்து ஒரு பொம்மை வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தவறியபின் என் மகன் எவரோடும் பேசுவதில்லை. ரிமோட்டில் இயங்கும் பாறையேறும் வண்டி ஒன்றே அவனுக்குத் துணை. அதுவோ இரண்டடி ஏறுமுன் முன்சக்கரங்களைத் தூக்கிக்கொண்டு மல்லாந்தது.

"வேகமான மோட்டார் வாங்கித் தரட்டுமா, தம்பி?" என்றேன்.

"வேகம் கூடினால் சக்கரம் வழுக்கும் அத்தா. மெதுவாகச் சுழன்றால்தான் கல்லைப் பற்றும்."

நெடுநாளைக்குப்பின் அவன் என்னிடம் பேசியது அது.

பின்னால் உயரத்தில் இருந்த பேட்டரியை முன்னச்சை ஒட்டித் தாழ்த்திக் கட்டினான். முன்சக்கரங்களுக்குள் தூண்டில் ஈயக்குண்டுகளை இட்டான். மோட்டாரின் பற்சக்கரத்தைச் சிறியதாக மாற்றினான். ஒரு சக்கரம் அந்தரத்தில் நின்றால் விசை அதன்வழியே வீணாகும். ஆகலின் இருபுறச் சக்கரங்களும் ஒருங்கே சுழலுமாறு டிஃபரன்ஷியலைப் பூட்டினான். இலக்கணம் பயின்ற எனக்கு இது விளங்க அரைநாள் ஆயிற்று. 2023இல் நிலவில் ஊர்ந்த பிரக்யானின் வேகமும் நொடிக்கு 1 சென்டிமீட்டர்தான் என்றும், அத்திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர் என்றும், என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

மாலையில் வண்டி கல் கல்லாகப் பற்றிக் கரையுச்சியை அடைந்தது. ரிமோட்டை என்னிடம் நீட்டினான். என் கையில் மூன்றாம் கல்லிலேயே அது கவிழ்ந்தது. அவன் வாய்விட்டுச் சிரித்தான்.