முதுகில் இறங்கும் அலை

கோலசிலாங்கூர் படகுத்துறையில் ஸ்கை மிரர் மணல்திட்டுக்குப் புறப்படும் பைபர் படகுகளில் முன்வரிசைக்குத்தான் போட்டி. காற்று நன்றாக வரும் என்று வயதானவர்களை அங்கே உட்கார வைக்கிறார்கள். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் பால் வாளி சுமந்தும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்துபோன முதுகுகளுக்கு, படகில் அதைவிட மோசமான இடம் கிடையாது. முகத்துவாரத்தைத் தாண்டி வேகம் பிடித்ததும் படகு எகிறி எகிறி விழுகிறது. கேட்டால், கடல் முரடு என்பார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அலை எவ்வளவு உயரம் என்பதைப் போலவே, படகு எந்தக் கோணத்தில் மூக்கைத் தூக்கிக்கொண்டு அலைமேல் விழுகிறது என்பதும் அடியின் கடுமையைத் தீர்மானிக்கிறது. அந்தக் கோணம் மனிதர் கையில் இருக்கிறது.

வேகம் கூடக் கூட, படகை நீர் மிதக்கவைப்பது குறைந்து, கீழிருந்து தள்ளித் தூக்குவது அதிகமாகிறது. தட்டையான அடிப்பகுதி சுலபமாக எழும்பும். சிறிய எஞ்சினே போதும். ஆனால் அலையில் விழும்போது அகன்ற பரப்பு முழுவதும் ஒரே கணத்தில் தண்ணீரை அறைகிறது. அடி கூராகச் சரிந்திருந்தால் நீரைப் பிளந்து மெதுவாக இறங்கும். அமெரிக்கப் படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் உருவாக்கிய கூர் அடிப் படகு 1960இல் மயாமி–நாசாவ் பந்தயத்தில் கொந்தளிப்பான கடலில் வென்ற பிறகு, கூர் அடிதான் சொகுசு என்ற எண்ணம் உலகெங்கும் ஊன்றிவிட்டது. சிலாங்கூர்க் கரைக்கு அது முழுதாகப் பொருந்தாது. இது சேற்றுக்கரை. பெரிய ஓதத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 4 மீட்டர் ஏறி இறங்குகிறது. வற்றும் நேரத்தில் மணல்திட்டை ஒட்டி நிற்கவேண்டிய படகுக்கு ஆழமான அடி தொல்லை. ஆள் ஏறி இறங்கும்போது அது அதிகம் ஆடவும் செய்யும். முன்னே கூராகத் தொடங்கிப் பின்னே போகப்போகத் தட்டையாகும் அடிதான் இங்கே நியாயமான சமரசம். ஆனால் அந்தச் சமரசத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: அலையை முதலில் தொடுவது கூரான முன்பகுதியாக இருக்கவேண்டும். மூக்கு அதிகமாகத் தூக்கிக்கொண்டால் கூர்ப்பகுதி ஆகாயத்தில் நிற்க, தட்டைப் பகுதி அடி வாங்குகிறது. நீரிணையில் அலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வருவதால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே முதுகு நிமிர நேரமிருக்காது.

"அடிப்பகுதியை அச்சில் வார்த்தாயிற்று, இனி ஓட்டுபவர் என்ன செய்ய முடியும்?" என்பது எளிதாக எழும் கேள்வி. நியூ ஜெர்சியின் ஸ்டீவன்ஸ் கழகத்தில் மாதிரிப் படகுகளை அலைத்தொட்டியில் இழுத்து எடுத்த அளவுகளைக் கொண்டு, டேனியல் சாவிட்ஸ்கியும் பிரவுனும் 1976இல் ஒரு கணக்கு தந்தார்கள். அதன்படி, அடிச்சரிவை 10 பாகையிலிருந்து 20 பாகையாக இரட்டிப்பாக்கினால் படகு வாங்கும் அடி கால்பங்குதான் குறைகிறது. மூக்கு தூக்கியிருக்கும் கோணத்தை 6 பாகையிலிருந்து 3 பாகைக்கு இறக்கினால் பாதியாகக் குறைகிறது! வேகமோ இருமடிப் பெருக்கமாக வேலை செய்கிறது: மணிக்கு 25 கடல்மைல் வேகத்தில் போவதை 20 ஆக்கினால் அடி மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறையும். முன்முனையில் இருப்பவர் படும் அடி, நடுவில் இருப்பவர் படுவதைப்போல் இரு மடங்கைத் தொடலாம். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு அச்சின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

பொத்தானை அழுத்தி எஞ்சினின் சாய்வை மாற்றும் வசதி எல்லாப் படகிலும் இல்லை என்பது உண்மை. ஆனால் சிறிய அவுட்போர்டு எஞ்சின்களின் பிடிமானத்தில், தாங்குகம்பியைச் செருகப் பல துளைகள் இருக்கின்றன. உள்பக்கத் துளையில் செருகினால் எஞ்சின் படகை நோக்கிச் சாய்ந்து மூக்கைத் தாழ்த்தும். பெரியவர்களைப் பின்னுக்கு மாற்றினால் பாரம் பின்னே போய் மூக்கு இன்னும் தூக்குமே என்று கேட்கலாம். தூக்கும்தான். அதனால்தான் தண்ணீர்ப் பெட்டி, பைகள், இளவட்டங்கள் முன்னே போகவேண்டும் என்கிறேன். மூக்கை ஒரேயடியாகத் தாழ்த்தினாலும் ஆபத்து: பின்னாலிருந்து அலை தள்ளும்போது முன்பகுதி நீரில் குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிவிடும். அலையை எதிர்த்துப் போகும்போது ஒரு சாய்வு, அலையோடு திரும்பும்போது இன்னொன்று. இதை ஒவ்வொரு முறையும் பார்த்து மாற்றுகிறவர்தான் தொழில் தெரிந்தவர். திட்டு சில மணி நேரமே வெளியே தெரியும், மெதுவாகப் போனால் ஓதம் தவறிவிடும் என்ற வாதம் கொஞ்சம் வலுவானது. ஆனாலும் 25 கடல்மைல் வேகத்தில் அரை மணி நேரம் பிடிக்கும் தூரம், 20இல் முப்பத்தேழரை நிமிடம்தான். அந்த ஏழரை நிமிடத்தை முன்கூட்டியே புறப்பட்டு ஈடுகட்டலாம்.

ஆற்றுக்குள் கணக்கு மாறுகிறது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, இன்னும் நீர்மேல் ஏறாமல் திணறும் இடைப்பட்ட வேகத்தில்தான் படகுக்குப் பின்னே எழும் அலை மிகப் பெரிதாகக் கிளம்பும். சிலாங்கூர் ஆற்றின் பெரெம்பாங் மரங்களில் ஒளிரும் மின்மினிகளின் புழுப்பருவம் கரையோரச் சேற்றில் நத்தைகளைத் தின்று வளர்கிறது. அலை அரிப்பது அந்தக் கரையைத்தான். கம்போங் குவாந்தானில் சம்பானைத் துடுப்புப் போட்டு ஓட்டுவது அங்கே மிகச் சரியான தொழில்நுட்பம். அதைப் பழமை என்று தள்ள முடியாது.

பயணி ஒரு நாள் குலுங்கிவிட்டு வீடு திரும்புகிறார். ஓட்டுபவர் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மறுபடி அதே அலைமேல் போகிறார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதி, 8 மணி நேர வேலைநாளில் உடலில் ஏறும் அதிர்வை அளந்து, 0.5 மீட்டர்/வினாடி² எட்டியதும் முதலாளி நடவடிக்கை எடுக்கவேண்டும், 1.15ஐத் தாண்டவே கூடாது என்கிறது. நம் கரையிலும் அப்படி அளந்து பார்க்கவேண்டும். அதுவரை, படகு நடத்துபவர்கள் இருக்கைகளை முன்முனையிலிருந்து சற்றுப் பின்னுக்கு நகர்த்தலாம். ஓட்டுபவரின் இருக்கைக்குக் கீழே ஸ்பிரிங் வைக்கலாம். புதிதாகச் சேரும் பையனுக்கு, எஞ்சினை முடுக்கக் கற்றுத்தரும் முன் அந்தத் துளைகளும் கம்பியும் எதற்கென்று காட்டலாம்.