நூறு ரூபாய்க்குப் போடுங்க

காலை ஷிப்டுக்கு முன்னால் எம்.டி.எச். சாலையில் எந்தப் பெட்ரோல் பங்க்கில் நின்றாலும் ஒன்று கண்ணில் படும். வரிசையில் நிற்கிற ஒருவரும் லிட்டரில் கேட்பதில்லை. "நூறு ரூபாய்க்குப் போடுங்க" என்பார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் "நூத்திப் பத்துக்கு" என்பார்கள். நூறு, இருநூறு என்று முழுசாகச் சொன்னால் மெஷினில் அளவைக் குறைத்து வைத்திருப்பார்கள் என்பது அம்பத்தூர் முதல் ஆவடி வரை அசைக்க முடியாத நம்பிக்கை. தொழிலாளர் துறை ஆட்கள் வந்து சோதித்து முத்திரை வைத்துவிட்டுப் போகிறார்கள் என்று பங்க்காரர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். நம்பிக்கை சலிக்கவில்லை. "ஜீரோ பாத்துக்கோங்க" என்று போடுகிறவர் சொல்ல, நாமும் பார்க்கிறோம். அதற்கப்புறம் கண் ரூபாய் ஓடுகிற வரியில்தான் நிற்கும். கீழே லிட்டர் ஓடுகிற வரியை யாரும் படிப்பதில்லை.

2021 ஜூலை முதல் வாரத்தில் சென்னையில் பெட்ரோல் நூறைத் தாண்டியது. டிவியில் அன்று அதே பேச்சு. பங்க்கில் பெரிய கலவரம் எதுவும் இல்லை. நேற்று நூறு ரூபாய்க்குப் போட்டவர் இன்றும் நூறு ரூபாய்க்கே போட்டார். நேற்றுவரை ஒரு லிட்டரும் சொச்சமும் விழுந்தது, இன்று ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சம்பளம் வாங்குகிற வீட்டில் பெட்ரோலுக்கு என்று ஒரு தொகை இருக்கும். விலை ஏறினால் அந்தத் தொகை ஏறாது, வண்டி ஓடும் தூரம் குறையும். வேலைக்குப் போகிற தூரத்தைக் குறைக்க முடியாதாகையால் முதலில் அடிபடுவது ஞாயிற்றுக்கிழமை. திருவேற்காடு கோயிலும் மாங்காடு கோயிலும் தள்ளிப்போகும். அடுத்து மாமியார் வீடு. இதில் சிலருக்கு வருத்தமில்லை என்பது வேறு விஷயம்.

நாம் ரூபாயில் எண்ணுகிறோம், அரசாங்கம் லிட்டரில் எண்ணுகிறது. பெட்ரோல் அரசியலின் சூட்சுமம் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. 2025இல் சென்னையில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 101 ரூபாய். அதில் மத்திய அரசின் கலால் வரி 21 ரூபாய் 90 காசு. மாநில வரி 13 சதவீதம், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசு. அந்த 13 சதவீதமும் கலால் வரியைச் சேர்த்த தொகையின் மேல்தான் போடப்படுகிறது; அதாவது வரிக்கும் வரி. கூட்டிப் பார்த்தால் மாநிலத்துக்கும் கிட்டத்தட்ட 22 ரூபாய். அந்த ஆண்டு நான் நீட்டிய நூறு ரூபாய்த் தாளில் நாற்பத்து மூன்று ரூபாய் வரி, டெல்லிக்குப் பாதி, கோட்டைக்குப் பாதி. இரண்டு பேரும் ஒருவரையொருவர் கை காட்டுவதைப் பார்க்கிறபோது இந்தச் சரிபாதிக் கணக்கை நினைத்துக்கொள்வேன்.

மாநிலத்தின் புகாரிலும் நியாயம் உண்டு. டெல்லி வசூலிக்கிற கலாலில் மாநிலங்களோடு பங்கு போட வேண்டிய அடிப்படைப் பகுதி 2021இல் லிட்டருக்கு 1 ரூபாய் 40 காசாகச் சுருங்கிவிட்டது. மற்றதெல்லாம் செஸ், கூடுதல் வரி என்ற பெயர்களில் டெல்லியிலேயே தங்கிவிடும். நிதியமைச்சராக இருந்த பழனிவேல் தியாகராஜன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னவர் தன் முதல் பட்ஜெட்டில், 2021 ஆகஸ்டில், மூன்று ரூபாய் குறைக்கவும் செய்தார். 102 ரூபாய் 49 காசிலிருந்து 99 ரூபாய் 47 காசுக்கு வந்தது. தேர்தல் அறிக்கையில் அவர் கட்சி சொன்னது ஐந்து ரூபாய்.

விலை ஏறும்போது நடப்பதைவிட இறங்கும்போது நடப்பதுதான் பாடம். 2020இல் ஊரடங்கு. வண்டிகள் வீட்டு வாசலில் தூசி படிந்து நின்றன. உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் வாங்க ஆளில்லாமல் கிடந்தது. அந்த மே மாதத்தின் முதல் வாரத்தில், வெறும் சதவீதமாக இருந்த வரியோடு லிட்டருக்கு இவ்வளவு என்ற பகுதியையும் எடப்பாடி பழனிசாமி அரசு சேர்த்தது. கச்சா எண்ணெய் எவ்வளவு விழுந்தாலும் அந்தப் பகுதி விழாது. ஓரிரு நாளில் டெல்லி தன் பங்குக்குப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் ஏற்றியது. பங்க்கில் எழுதியிருந்த விலையில் டெல்லி ஏற்றியது தெரியவே இல்லை. நமக்கு இறங்கியிருக்க வேண்டியது இறங்காமல் போனது, அவ்வளவுதான். இறங்காததற்கு யார் கொடி பிடிப்பார்கள்?

2017 ஜூன் 16 முதல் விலை தினமும் மாறும் என்றார்கள். மாறியது, தேர்தல் இல்லாத நாள்களில். 2018இல் கர்நாடகத் தேர்தல் முடியும்வரை மூன்று வாரம் போல அசையவில்லை, வாக்குப்பதிவு முடிந்த மறுநாளைக்கு மறுநாள் ஏறியது. 2021இல் நம் தேர்தல் முடிவு மே 2ஆம் தேதி, ஏற்றம் மே 4ஆம் தேதி. அந்த ஆண்டு தீபாவளிக்கு முதல் நாள் குறைத்த விலை, உத்தரப் பிரதேசம் ஓட்டுப் போட்டு எண்ணி முடிக்கிறவரை நின்றது. பிறகு 2022 மார்ச் 22இல் தொடங்கிப் பதினாறே நாளில் பதினான்கு தடவை ஏறி, சென்னையில் 110 ரூபாய் 85 காசில் போய் நின்றது. 2024 இன்னும் அழகு. மார்ச் 8 மகளிர் தினத்தன்று சிலிண்டருக்கு 100 ரூபாய் குறைப்பு, 14ஆம் தேதி பெட்ரோலுக்கு 2 ரூபாய் குறைப்பு, 16ஆம் தேதி தேர்தல் தேதி அறிவிப்பு. எண்ணெய் நிறுவனங்களே விலையைத் தீர்மானிக்கின்றன என்பது 2010இலிருந்து சொல்லப்படுகிற வாசகம். அந்த நிறுவனங்கள் பஞ்சாங்கம் பார்க்கிற விதத்தைக் கண்டால் எங்கள் தெரு ஜோசியருக்கே பொறாமை வரும்.

எதிர்க்கட்சியில் இருக்கிறபோது பெட்ரோல் விலை எல்லாருக்கும் வலிக்கும். 1973இல் வாஜ்பாய் மாட்டு வண்டியில் நாடாளுமன்றத்துக்குப் போனார். 2021 ஏப்ரலில் நடிகர் விஜய் நீலாங்கரையில் சைக்கிளில் போய் ஓட்டுப் போட, தமிழ்நாடே அதைப் பெட்ரோல் விலைக்கு எதிர்ப்பு என்று படித்தது. வாக்குச்சாவடி பக்கம், கார் நிறுத்த இடமில்லை என்று அவர் தரப்பு சொன்ன விளக்கத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

சைக்கிள் என்றால் அம்பத்தூர்க்காரனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிரும். 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் இங்கேதான் தொடங்கியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இங்கிருந்துதான் ஊரெல்லாம் போயின. 1964இல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்த பிறகு பழைய ஆள்கள் பலர் அதே சைக்கிளில் வேலைக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்து போனவர்கள். இன்று அது முடியாது. சோம்பல் காரணமில்லை. வீடு மேற்கே நகர்ந்து பட்டாபிராம், திருநின்றவூர் என்று போய்விட்டது. வேலை தென்மேற்கே நகர்ந்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று போய்விட்டது. மின்சார ரயில் கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகிறவனுக்கு அந்த ரயிலால் பயனில்லை. நிரந்தர வேலைக்காரர்களுக்குக் கம்பெனி பஸ் வரும். கான்ட்ராக்ட் பையன் பைக்கில்தான் போவான். குறைந்த சம்பளம் வாங்குகிறவன் டேங்கில்தான் அதிக பெட்ரோல்.

வீட்டுச் செலவில் பெட்ரோல் தன் சொந்தப் பெயரில் வருவது கொஞ்சம்தான். மீதி வேறு பெயர்களில் வரும்: ஸ்கூல் வேன், தண்ணீர் கேன், கோயம்பேட்டிலிருந்து வருகிற காய். 2022 மே மாதம் கலால் வரியைக் குறைத்து, பெட்ரோல் 110 சொச்சத்திலிருந்து 102 ரூபாய் 63 காசுக்கு இறங்கியது. டீசலும் இறங்கியது. வேன் கட்டணத்தையும் கொஞ்சம் குறைக்கலாமே என்று என் மனைவி கேட்டாள். "டீசல் குறைஞ்சுதும்மா, டயர் குறையலையே" என்றார் வேன்காரர். அவரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. விலை ஏறிய மாதங்களில் அவர் உடனே ஏற்றாமல் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஆட்டோக்காரர் கதை இதைவிட மோசம். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12 என்று மீட்டர் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில். அப்போது பெட்ரோல் எழுபது சொச்சம். பதினோரு வருஷத்துக்கும் மேல் காத்திருந்துவிட்டு 2025 பிப்ரவரியில் சங்கங்கள் தாங்களே 50, 18 என்று அறிவித்தன. அது செல்லாது, மீறினால் நடவடிக்கை என்றது அரசு. அம்பத்தூர் ஓ.டி.யில் மீட்டர் போட்டு நான் ஆட்டோ ஏறியதே இல்லை என்பதால் இரு தரப்பு வாதமும் எனக்கு ஏதோ வெளியூர் வழக்கு மாதிரி இருந்தது.

இதற்கிடையில் எங்கள் வீட்டில் ஒரு மாற்றம் நடந்தது. 2021 மே மாதம் பெண்களுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்றானதும், பைக்கின் பின்சீட்டு காலியானது. "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடறேன்" என்பது என் மனைவியின் வழக்கமாயிற்று. முன்பு மார்க்கெட்டுக்கும் அவள் அக்கா வீட்டுக்கும் நான் வண்டி எடுக்க மனசு வைக்க வேண்டியிருந்தது. இப்போது என் மனசு தேவையில்லை. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை மாதம் ஆயிரம் ரூபாயும் வந்தது. மாதம் இருபது லிட்டர் போடுகிற பைக்காரனிடமிருந்து மாநில அரசு எடுக்கிற பெட்ரோல் வரி நானூற்று நாற்பது ரூபாய் அளவுக்கு வரும். புருஷன் டேங்கில் எடுத்து மனைவி கணக்கில் போடுகிறார்கள் என்று நான் ஒரு நாள் சொன்னேன். "அப்படியே எடுக்கட்டும், உங்க கையில இருந்தா டீக்கடைக்குத்தான் போகும்" என்று பதில் வந்தது. பொருளாதார நிபுணர்கள் இதைவிட நீளமாகத்தான் சொல்வார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று மின்சார ஸ்கூட்டர் வாங்கிவிட்டார். பங்க்கைத் தாண்டும்போது எங்களைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார். எல்லாரும் இப்படி மாறிவிட்டால் லிட்டருக்கு நாற்பத்து நாலு ரூபாய் போல வருகிற வரியை இரண்டு அரசுகளும் எங்கிருந்து எடுக்கும் என்று ஒருமுறை அவரிடம் கேட்டேன். அவர் கவலை வேறாக இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் கரன்ட் பில்லில் குறைந்த விலைப் படி ஒன்று கைநழுவிவிடும். வண்டி சார்ஜ் ஏறுகிற இரவுகளில் ஏசி போடக் கூடாது என்று சட்டம் போட்டிருக்கிறாராம். கணக்கெடுக்க ஆள் வருகிற வாரத்தில் அவர் வீட்டு வாஷிங் மெஷினுக்கும் லீவு.